பாதி வேகத்தில் என் குரல்

1998, தீபாவளி.

இன்னிக்கும் ஹேண்ட்போன் கம்பெனியில டூட்டி. காலையிலேயே பிரிக்பீல்ட்ஸ் டவர் நிரம்பிடுச்சு, யாருக்கும் லைன் கிடைக்கல. "லைனை பாதி வேகத்துல விடு லா. வாழ்த்துதானே சொல்றாங்க, அது போதும்"னாரு மேனேஜர். விட்டேன். ஒருத்தர் பேசுற இடத்துல ரெண்டு பேர் பேசலாம். குரல்தான் தகரத்துல உரசுற மாதிரி வரும். பங்சார் டவரை மட்டும் தொடக்கூடாதாம். அங்க பெரிய மனுசங்க.

மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுல இருந்து அம்மா, தம்பியோட ஹேண்ட்போன்ல கூப்பிட்டாங்க. யாருன்னு சொல்லாம அப்பாகிட்ட கொடுத்தாங்க. என் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என்கிட்ட பேசினதே இல்ல.

"அப்பா, நான் மாலதி"ன்னேன்.

"யாரோ தெரியல"ன்னு வச்சிட்டாரு.

குரல் அடையாளம் தெரியலையாம், அம்மா திரும்பக் கூப்பிட்டு சமாதானம் சொன்னாங்க. வீடு வர்ற வரைக்கும் மேனேஜரைத்தான் திட்டிக்கிட்டு வந்தேன்.

ஆனா பாதி வேகத்துல குரல்தான் கெடும். பேரு நல்லாவே கேக்கும்.