காப்புக் கட்டிய ஊரில் முப்பத்திரண்டு பிள்ளைகள்

மே 7, புதன்

விடியலில் பனிமூட்டம், ஒன்பதுக்கு வெயில். இன்று முடிக்க வேண்டியவை: முதலுதவிப் பெட்டி, லென்ஸ், கயிறு, பெயர் அட்டை 32. எதிலும் கை ஓடவில்லை.

தப்பு என்னுடையதுதான். மழைக்கோட்டு எடுக்க நேற்று ஊருக்கு வந்தவள், எடுத்தோமா கிளம்பினோமா என்று இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு என்று தெரியும். அதற்குள் மலைமேல் இருக்கும் டவுனான செம்மேட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று நினைப்பு. அம்மா பலாப்பழம் அறுத்தாள். உட்கார்ந்துவிட்டேன். சுளை கையில் இருக்கும்போதே காப்பு மேளம்.

காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் நோன்பு முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது. எட்டு நாள். நாளை சென்னையிலிருந்து எட்டாம் வகுப்புப் பெண்கள், மூன்று நாள் கோடைச் சுற்றுலா. செம்மேடு லாட்ஜில் அவர்களோடு தங்குவது கைடின் வேலை. இரண்டு வருஷம் மற்ற கைடுகளுக்குப் பின்னால் தண்ணீர் கேன் தூக்கியவளுக்கு முதல் முறையாகப் பொறுப்பு. பலாப்பழத்தில் போயிற்று.

சேலம் டூர் ஆபீஸ் மேனேஜருக்கு ஃபோன். வேறு ஆளைப் போடுகிறேன் என்றார். சாயங்காலம் வரை நேரம் கேட்டேன்.

காப்பை மீற மனம் ஒப்பவில்லை. வேலையை விடவும் மாட்டேன். நான் போக முடியாவிட்டால் பிள்ளைகள் இங்கே வரட்டும்.

ஊர்க்கவுண்டர் பந்தலில் இருந்தார். கட்டியபோது இருந்தவர்களுக்குத்தான் கட்டு, வந்து போகிறவர்களுக்கு இல்லை என்றார். அப்புறம் ஒரு நிபந்தனை.

“தங்கட்டும் கண்ணு. ஆனா நோம்பி முடியற வரைக்கும் ஊருக்குள்ள தாளிக்கிற சத்தம் கேக்கக் கூடாது. உங்க சமையக்காரருக்கும் அதேதான்.”

பள்ளிக்கூட ஹால் கிடைத்தது. பிள்ளைகளோடு வரும் ஜெ. டீச்சருக்கு ஃபோன். கழிப்பறை? உண்டு. தண்ணீர்? உண்டு. தாளிப்பு? இல்லை. சிரித்துவிட்டார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு புகார் வந்தாலும் இதுதான் கடைசி என்றார்.

மே 8, வியாழன்

வந்துவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி: ஏழு பேர். அறப்பளீஸ்வரர் கோயில். கல்வெட்டு எழுத்துக்கு மேல் விரலை ஓட்டி ஒருத்தி ‘க’ கண்டுபிடித்தாள். பிறகு எல்லோருக்கும் ‘க’ வேண்டும். ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்கும்போது பாட்டு, ஏறும்போது மூச்சு மட்டும்.

மத்தியானச் சாப்பாடு ஊரில். கடுகு இல்லாத சாம்பார். முகங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. யாழினி என்ற பெண் எழுந்து, “அக்கா, உங்க ஊர்ல எண்ணெய் தீர்ந்துபோச்சா?” என்றாள். காப்பைப் பற்றிச் சொன்னேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பாதி பேர் மறு சோறு கேட்டார்கள்.

மே 9, வெள்ளி

மழை. மிளகுக் கொடி, காலில் அட்டை, அலறல், உப்பு.

பத்து மணிக்கு மேனேஜர் ஃபோன். ஒரு பெண்ணின் அப்பா கூப்பிட்டாராம், பிள்ளைக்குப் பத்தியச் சாப்பாடா போடுகிறீர்கள் என்று. ஜெ. டீச்சர் ஃபோனை வாங்கினார். பிள்ளைகள் மூன்று வேளையாகத் தட்டைக் காலி செய்கிறார்கள், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். பேசினார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

மே 10, சனி

சேலம் ஸ்டேஷன். பிள்ளைகளை ஒப்படைத்தாயிற்று. பெயர் அட்டை 32-ம் திரும்ப வந்தன.

மேனேஜர் முகம் இளகியிருந்தது. நாளை காலை அடுத்த பேட்ச், நாற்பது பேர், நீயே பார் என்றார். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், அதனால் இன்றிரவு சேலத்தில் தங்கச் சொன்னார்.

“முடியாதுங்க சார். பஸ்ஸை மேல அனுப்புங்க. எங்க ஊர் முக்குல ஏறிக்கறேன்.”

மலை ஏறும்வரை அவர்களோடு யார் பேசுவது, தோது இல்லை என்றால் வேறு ஆள் ஏறிவிடும் என்றார். காலையில் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டார். நான் மலை பஸ்ஸைப் பிடித்தேன். அழுகை வந்தது, ஆனால் இறங்கவில்லை.

மே 11, ஞாயிறு

எட்டே காலிலிருந்து ஊர் முக்கில். அம்மா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். இரண்டு லாரி, ஒரு டவுன் பஸ்.

9.20. எங்கள் பஸ். வேகத்தைக் குறைக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நின்றது. முன்னால் கைடு சீட் காலி. டிரைவர் அண்ணன் அதில் இடம் பிடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏறினேன். நாற்பது முகம். வணக்கம் சொல்லிவிட்டுத் தலைகளை எண்ண ஆரம்பித்தேன்.