வாத்தியார் வீட்டுக்கு வந்தார்

1972 ஜூன், திங்கள் இரவு.

என்னை மறுபடி பள்ளியில் சேர்க்கச் சொல்லிக் கணக்கு வாத்தியார் சித்தப்பாவிடம் பேச வந்தார். அப்பா அம்மா இறந்துபோனபின் படிப்பிலிருந்து என்னைத்தான் நிறுத்தினார்கள். எட்டாவதில் பெயிலான தம்பி இன்னும் போகிறான். எனக்காக வந்தவர் என்று பார்த்துப் பார்த்து இறால் வறுத்தேன்.

"பெரியவளாயிட்ட பொண்ணுக்கு இன்னாத்துக்கு சார் படிப்பு?" என்றார் சித்தப்பா.

வாத்தியார் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினார். "அதுவும் சரிதான். கைமணம் நல்லாக்கீது. கட்டிக்கினு போறவன் குடுத்து வெச்சவன்." தம்பிக்குத் தானே வந்து டியூஷன் எடுப்பதாகச் சொன்னார்.

வகுப்பில் என் விடைத்தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டியவர். அவருடைய எச்சில் இலையை எடுத்துக் கொல்லையில் வீசினேன். டியூஷன் நாட்களில் அவருக்கும் சேர்த்து நான்தான் சமைக்க வேண்டுமாம்.