பச்சையாய்த் தெரிந்த காய்ச்சல்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். இந்த வரியைப் பொய்யில்லாமல் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் போனில் பிடிகொடுக்காமல் பேசினேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

அப்பா காய்ச்சல், தலைவலி என்று படுத்தவர், மறுநாள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேனில் ஒன்றும் பிடிபடவில்லை, மனநோய் வார்டுக்கு மாற்றலாம் என்றார் ஒரு டாக்டர். நரம்பு டாக்டரம்மாதான் விடவில்லை. சந்தேகத்தின் பேரிலேயே மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டு, முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில், கிருமியைக் கண்டால் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துப் பெரிய நுண்ணோக்கியில் வைத்தார். நான் கெஞ்சியதில் என்னையும் உள்ளே விட்டார்கள். குளிர்ந்த இருட்டறை, இயந்திரத்தின் மெல்லிய ரீங்காரம், திரை முழுக்கக் கறுப்பு. பிறகு ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளிகள் பூத்தன, விமானத்திலிருந்து பார்த்தால் இரவில் ஓர் ஊர் விழிக்குமே அப்படி. "இதுதாம்மா மூளையைத் தாக்கியிருக்கிற வைரஸ், இதுக்கு மருந்து இருக்கு" என்றார் டாக்டரம்மா. அப்பாவைக் கொல்ல வந்தது அத்தனை அழகாக இருந்தது, கண்ணை எடுக்க முடியவில்லை எனக்கு.

வார்டு மாற்றும் பேச்சு அதோடு நின்றது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க, அப்பா எங்கோ மிதந்துகொண்டிருந்தார். நெற்றியைத் துடைத்தால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம், என் வீட்டுக்காரி வந்துடுவா, கொஞ்சம் கோவக்காரி, ஆனா அவ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே வராது" என்பார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாததை யாரோ ஒருத்தியிடம் சொல்கிறார், அந்த ஒருத்தியாகவும் நானே இருந்தேன். அந்த நாட்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்னும் தெரியவில்லையப்பா. ஒரு காலையில் கண் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க போயிருந்த இவ்வளவு நாளா" என்று கேட்டார். இங்கேதான் இருந்தேன் என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டேன்.

இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். சில வார்த்தைகள்தான் நழுவுகின்றன, கத்தரிக்கோலை "வெட்டுறது" என்கிறார், தானாக வரும் என்கிறார்கள். நீயும் காய்ச்சலோடு தலைவலி வந்தால் மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடாதே, டாக்டரிடம் போ. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு, மெதுவாகப் பேசு. உன் பெயரைத் தேடிக்கொண்டு சற்று நிற்பார், நீயாக எடுத்துக்கொடுத்துவிடாதே. பொறுத்திரு, அவரே வந்து சேருவார். 

என்றும் உன் நினைவாக,
அம்மா