மாடி அறைக்குப் போட்ட கல்பஞ்சு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், அம்மாவோட முழங்கால் மட்டும் இன்னும் யார் பேச்சையும் கேக்கறதில்ல. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா இருக்கணும். போன தடவை வந்தப்போ ஏசி போட்டும் அடங்காத மாடி அறை வெக்கையில குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து, மூணாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓட்டலுக்குப் போனீங்களே, அது எங்களுக்கு இன்னும் ஆறல. இந்தத் தடவையாவது லீவு முழுக்க நீங்க நம்ம வீட்டுலயே இருக்கணும்னு மாடிக் கூரைக்கு அடியில கல்பஞ்சு போட்டிருக்கேன், எங்க ஆலையில கல்லை உருக்கி நூலாச் சுத்திப் பாய் பாயா வெட்டறோமே அதேதான். அளவு பிசகின பாயை எல்லாம் மறுபடி உலையில போட்டு உருக்கிடுவாங்க, எதுவும் வீணாப் போறதில்ல, மேனேஜர்கிட்ட கேட்டேன், அதுலருந்து வேணுங்கிறதை எடுத்துக்கச் சொல்லிட்டார்.

நான்தான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே, ஆள் வைக்காம நானே ஏணி போட்டு ஏறினேன். இருபத்திரெண்டு வருஷமா பேக்கிங்ல பாயை அமுக்கி அமுக்கிக் கட்டின கை சும்மா இருக்குமா, கூரையிலயும் அதே மாதிரி இறுக்கித் திணிச்சேன். முழு அறைக்குன்னு கொண்டுவந்தது பாதி அறையோட தீர்ந்து போச்சு, கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு பெருமை வேற, ஆனா மத்தியானமானா அறை பழையபடி கொதிச்சுது. சோதனைக்கூடத்துல வேலை பார்க்கற பொண்ணைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். அவ அண்ணாந்து பார்த்துட்டு சிரிப்பை அடக்க முடியாம, அண்ணே, கல்லைப் பஞ்சாக்கறதே அதுக்குள்ள காத்து தங்கணும்னுதான், வெயிலைத் தடுக்கறது அந்தக் காத்து, நீங்க அதைப் பூரா பிதுக்கி வெளிய அனுப்பிட்டீங்கன்னு சொன்னா. இப்போ ஆலையில என்னைப் பார்த்தாலே எல்லாரும் ரெண்டு கையாலயும் அமுக்கிக் காட்டறாங்க, மானம் போச்சு.

அப்புறம் ரெண்டு ஞாயித்துக்கிழமை முகமூடியும் கையுறையும் மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் உருவி, பிரிச்சு, தளர்த்தி வச்சேன், முழு அறைக்கும் கச்சிதமாப் போச்சு. முன்னெல்லாம் நாள் பூரா ஏசி ஓடியும் அறை குளிரல, இப்போ ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினா சாயங்காலம் வரைக்கும் குளுமை நிக்குது. வீட்டுக்கு வீடு இப்படிக் கரண்டு மிச்சமானா புகையும் குறையும், உலையில எரிச்சதை ஈடுகட்டி அதுக்கு மேலயும் நல்லதுன்னு அந்தப் பொண்ணு சொல்றா, பேத்தி காலத்துக்கு ஆகட்டும். அம்மா மத்தியானத் தூக்கத்தை அங்கேயே வச்சுக்கிட்டா, எழுப்பினா சண்டைக்கு வர்றா, மழை கொட்டினதுகூடத் தெரியலங்கறா.

இன்னொண்ணு, போன்ல சொல்ல வாய் வரல. அன்னைக்கு நீ கிளம்பறப்போ, சொகுசு பழகிடுச்சு, பெத்தவங்க வீடு இப்போ ஆகாதுன்னு கத்தினேன். அதுவரைக்கும் அந்த அறையில நான் ஒரு மத்தியானம்கூடப் படுத்ததில்லம்மா. பஞ்சு போடறதுக்கு முன்னால, வித்தியாசம் தெரியட்டுமேன்னு நாலு நாள் படுத்துப் பார்த்தேன், ஒரு நாளும் அரை மணிக்கு மேல தாங்கல. நீ கைக்குழந்தையை வச்சுக்கிட்டு மூணு நாள் வாயைத் திறக்காம இருந்திருக்கே. தப்பு என்னுதுதான், மனசுல வச்சுக்காதே.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம நிறைவா இருங்க. டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லு. நம்ம வீட்டுலயே தங்கணும்னு ஆசைதான், ஆனா குழந்தைக்கு ஒத்துக்கலைன்னா ஓட்டலுக்குப் போங்க, பெட்டியை நானே தூக்கிட்டு வர்றேன்.

உன்
அப்பா