வேலைக்கு ஒன்று

செவ்வாய், தென் சமவெளி நிலையம். எழுதுவது எஸ்தர் செல்வராணி, இயந்திரப் பொறுப்பு.

புயல் நாள் 1. காலை 7:10
காற்று சரி. தண்ணீர் சரி. தூசிப்புயல் சூரியத் தகடுகளை மூடிக்கொண்டே இருக்கிறது. இங்கே என்னைத் தவிர இருக்கும் ஒரே மனிதனான அழகுமுத்து வெளியே போய்த் துடைக்கிறான். உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மறுபடி தூசி. போன வாரம் அவனுக்கு நெஞ்சு படபடப்பு. பூமியிலிருந்து டாக்டர் வைகுண்டம் குரல் செய்தியில் மருந்து சொன்னார். மருந்துப் பெட்டி அதைக் கேட்டு, சீட்டு அச்சடித்து, மாத்திரையும் கொடுத்தது. என் உப்புமாவைக் குறை சொல்லும் அளவுக்குப் பயல் தேறிவிட்டான்.

நாள் 1. மாலை 4:40
ரேடியோவில் அவன் கடைசியாகப் பேசியது: "அக்கா, தகடு தொடச்சாச்சு. தலை கிறுகிறுன்னு வருது. இன்னைக்கு வேலை ஜாஸ்தி, மாத்திரையும் ஜாஸ்தியாயிருச்சு."
எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் விழுந்து கிடந்தவனை இழுத்து வந்தேன். நாடி கைக்கு அகப்படவில்லை. மருத்துவ அறையின் தானியங்கி அறுவைக் கருவி அவன் தொடையில் இரண்டு குழாய்களைச் செருகியது. ஒன்றின் வழியே ரத்தம் வெளியே வருகிறது. இயந்திரம் அதைச் சூடாக்கி, பிராணவாயு ஏற்றி, மற்றொன்றின் வழியே உள்ளே தள்ளுகிறது. அவனுக்கு இதயமும் நுரையீரலும் இப்போது அதுதான்.

நாள் 2. காலை 6:30
டாக்டரின் செய்தி: "எஸ்தர் அக்கா, பயப்படாதீங்க. இதயம் கெட்டுப்போகல. மருந்து அதை அமுக்கி வச்சிருக்கு, அவ்வளவுதான். உடம்பை விட்டு மருந்து இறங்குற வரைக்கும் அந்தப் பம்ப் நிக்கக் கூடாது. நின்னா முடிஞ்சுது. ஆனா அவன் எதுக்கு அத்தனை மாத்திரை போட்டான்?"
அதைத்தான் நானும் கேட்கிறேன். உயிர் மேல் ஆசை உள்ளவன் அவன். ஊருக்குப் போனதும் பெண் பார்க்க நான்தான் கூட வர வேண்டுமாம்.

நாள் 2. பகல் 1:15
அவன் சட்டைப் பையில் சீட்டு கிடைத்தது. "இதய மாத்திரை. வேலைக்கு ஒன்று."
வேளைக்கு ஒன்று என்பதுதான் அப்படி ஆகியிருக்கிறது. அவன் அதை அப்படியே நம்பி, ஒவ்வொரு வேலைக்குப் போகுமுன்னும் ஒன்றைப் போட்டிருக்கிறான். மற்ற நாட்களில் காலையில் துளை போடுவது, மாலையில் மண் அள்ளுவது, அவ்வளவுதான் அவன் வேலை. அதனால் தப்பித்தான். புயல் வந்ததும் தகடு துடைக்க எத்தனை முறை போனானோ, அத்தனை மாத்திரை. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. படுபாவி, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?

நாள் 2. மாலை 5:50
சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். டாக்டரின் பதில்: "அக்கா, நான் வேலைக்குன்னுதான்... இல்ல, வேலை... பாருங்க, இப்பவும் வர மாட்டேங்குது. ஸ்கூல்லயே இதுக்கு அடி வாங்கினவன் நான். அந்த எழுத்து வாயில நுழையல அக்கா."
பிறகு அழுகைச் சத்தம் மட்டும். மருந்துப் பெட்டிக்கு ஊரார் பேச்சு பழக்கமில்லை, காதில் விழுந்ததை எழுதியது. யாரைத் திட்டுவது? டாக்டரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

நாள் 3. காலை 8:00
வடக்கு நிலையத்திலிருந்து மீட்பு வண்டி கிளம்பிவிட்டது. அவர்கள் சொன்னது: "புயல்ல பாதை தெரியல அக்கா. நாளை மறுநாளுக்கு முன்னால வர முடியாது. கரண்டைப் பார்த்துச் செலவு பண்ணுங்க."
பார்த்துவிட்டேன். தகடுகளிலிருந்து வருவது அநேகமாக ஒன்றுமில்லை. அறை ஹீட்டரும் பம்பும் சேர்ந்து ஓடினால் பேட்டரி நாளைக் காலை வரைகூடத் தாங்காது. பம்ப் மட்டும் ஓடினால் வண்டி வரும் வரை தாங்கும். அவன் ரத்தத்தை இயந்திரம் சூடாக்கிவிடும். என் ரத்தத்தை யார் சூடாக்குவது?
ஹீட்டரை அணைத்தேன். வெளி உடுப்புகளின் பேட்டரிகளையும் கழற்றிப் பம்பில் மாட்டினேன். கம்பளிகள் எல்லாம் அவன் மேலும் குழாய்கள் மேலும், வழியில் ரத்தம் ஆறிவிடக் கூடாது. எனக்கு ஐம்பத்தாறு, அவனுக்கு முப்பத்தொன்று. பயமாகத்தான் இருக்கிறது.

நாள் 4. காலை 9:20
சுவரில் பனி. விரல் விறைத்துப் போகிறது, அவன் காலடியில் கை வைத்துச் சூடேற்றிக்கொண்டு எழுதுகிறேன். டாக்டரிடமிருந்து: "அக்கா, ஹீட்டரைப் போடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்." போட்டால் பம்ப் நிற்கும் என்று அவருக்கும் தெரியும்.

நாள் 4. பகல் 2:05
திரையில் கோடு அசைந்தது. பம்பின் துடிப்பு இல்லை, அவனுடையது. ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு விடாமல். வாய்விட்டு அழுதேன். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்துவிட்டது, அதற்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மருந்து முழுக்க இறங்கவில்லை, பம்பை இன்னும் நிறுத்த முடியாது.

நாள் 4. மாலை. மணி தெரியவில்லை
இப்போது குளிரவில்லை. இது நல்லதற்கில்லை என்று தெரியும். தூக்கமாக வருகிறது.
சீட்டில் ல-வை அடித்துவிட்டு ள போட்டேன். கோணலாக வந்திருக்கிறது. டாக்டரை யாரும் எதுவும் சொல்லாதீர்கள்.
அழகு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அவ்வளவுதான். பெண் பார்க்கப் போகும்போது அந்த நீலச் சட்டை வேண்டாம், உனக்கு எடுக்காது.
கண் விழித்ததும் உனக்கு ஒரு வேலை இருக்கும். பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன். மெதுவாகத் தூக்கு.
அந்த வேலைக்கு மாத்திரை வேண்டா