தலை தட்டாத லிட்டர்

20-1-98, செவ்வாய்

பனி. ஏழரை பஸ் வரவில்லை. எட்டேகால் பஸ்ஸில் சாலவாக்கம் வரை நின்றுகொண்டே. இருபதாவது நோன்பு. தொண்டை வறட்சி, மூக்கு நுனியில் கோபம்.

நாளை ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) ஆய்வு. என் எட்டாம் வகுப்பைத்தான் பார்ப்பாராம். பாடம்: கன அளவு. வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் குறிப்பில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் மூன்று தடவை சொல்லிவிட்டார், பார்த்துச் செய்யம்மா என்று.

வேண்டியவை: ஸ்வீட் பாக்ஸ் அட்டை, பசை, அடிஸ்கேல், லிட்டர் படி, நெல்.

பத்து செ.மீ. பக்கத்தில் பெட்டி ஒட்டியாயிற்று. முகத்துக்கு நூறு, மூடியோடு ஆறு முகத்துக்கு 600 சதுர செ.மீ. அட்டை. உள்ளே ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் நெல் கொட்டினால் விளிம்போடு நிற்கும். நெல் கொண்டுவருவது அமுதா. களம் வைத்திருக்கிற வீடு. நான் கேட்குமுன் அவளே கை தூக்கினாள்.

படி, அத்தாவின் அரிசிக் கடைப் படி. உத்திரமேரூர் பஜாரில் அவர் அளக்க, தலை தட்டும் கட்டை மகள் என் கையில். ஆறு வயசு. படியின் விளிம்போடு சர்ரென்று இழுப்பேன், மேலே குவிந்தது சரியும். தட்டினால்தான் எல்லாருக்கும் ஒரே அளவு என்பார். கணக்கு எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான். அவர் போய் இது இரண்டாவது ரம்ஜான். படிக்குள் இன்னும் பச்சரிசி வாசனை. அழுகை வருகிறது, சே.

21, புதன்

ஆய்வு முடிந்தது. குறிப்பு: ‘பாடம் நன்று.’ கையெழுத்தும் ஆயிற்று. சந்தோஷம்தான் இல்லை.

அமுதாவைக் கூப்பிட்டு, ஒரு லிட்டர் அளந்து பெட்டியில் கொட்டு என்றேன். இரண்டு கையாலும் அணைத்து, படிக்கு மேல் கோபுரமாய்க் குவித்து, ஒரு மணி சிந்தாமல் தூக்கி வந்து கொட்டினாள். பெட்டி நிரம்பி, மேஜை நிரம்பி, ஏ.இ.ஓ.வின் ஃபைல் மேல் நெல். வகுப்பே சிரித்தது. அவர், "என்னம்மா, உங்க லிட்டர் வழியுதே?" என்றார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "களத்துல பொறந்தவதானே நீ? அளக்கக்கூடத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

"களத்துல இப்டித்தான் டீச்சர் அளப்பாங்க." மெதுவாகத்தான் சொன்னாள். படியைப் பிடுங்கி, ஸ்கேலால் தலை தட்டி, நானே கொட்டிக் காட்டினேன். சரியாக நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு நெல்.

22, வியாழன்

அமுதா வரவில்லை. சாக்பீஸ் தீர்ந்தது, சொல்லணும்.

23, வெள்ளி

இன்றும் இல்லை. பக்கத்து பெஞ்ச் மல்லிகா சொன்னாள்: "இனிமே வரமாட்டாளாம் டீச்சர். அறுப்பு நடக்குது, களத்துலயே இருந்துக்கறேன்னு அவங்க நைனாகிட்ட சொல்லிட்டா." அறுப்பு சாக்கு. காரணம் நான்.

24, சனி

தம்பியின் டி.வி.எஸ்-இல் அவர்கள் களத்துக்குப் போனேன். வைக்கோல் வாசனை. சின்ன வயசில் அத்தாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து இப்படிக் களம் களமாகப் போன ஞாபகம். கால் மரத்துப்போகும், இறங்க மனசு வராது.

அமுதாவின் அப்பா கன்னியப்பன் கூலி நெல் அளந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மரக்காலும் குவியக் குவிய. "கூலிக்குத் தட்டி அளந்தா நாளிக்கி எவன் டீச்சர் நம்ம களத்துக்கு வருவான்? அவளுக்கும் கை அப்டியே பழகிட்ச்சி. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார்!

பெருநாளுக்கு முன் ஏழைகளுக்கு ஃபித்ரா அரிசி அளக்கும்போது அத்தாவும் கட்டையைத் தொடமாட்டார். குவித்துத்தான் போடுவார். இதை எப்படி மறந்தேன்?

அவள் தப்பு செய்யவில்லை, தட்டச் சொல்லாதது நான்தான் என்றேன். அமுதா களத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய் பாக்கெட் நாலு குறைந்தது. கடைசி வரிசையில் அமுதா! என்னைப் பார்க்கவில்லை. வந்தாளே, போதும்.

27, செவ்வாய்

முதல் பீரியட். வகுப்பின் முன்னால் சொல்லிவிட்டேன்: அமுதா அளந்தது களத்து முறை, சரியான முறை. தப்பு என்னுடையது, கத்தியதும் தப்பு. வாய் உலர்ந்துவிட்டது, நோன்பால் மட்டும் இல்லை.

அமுதா எழுந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "அந்த சார்கிட்டயும் சொல்லுவீங்களா டீச்சர்? அவரும்தான் பாத்தாரு."

சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அந்தக் குறிப்பும் கையெழுத்தும் ஞாபகத்துக்கு வந்தன.

பள்ளி விட்டாயிற்று. காலி வகுப்பில் உட்கார்ந்து ஏ.இ.ஓ.வுக்குக் கடிதம் எழுதுகிறேன். ‘ஐயா, அன்று நெல் வழிந்தது மாணவி அமுதாவின் தவறால் அல்ல’ வரை வந்தாயிற்று. வெளியே மல்லிகாவோடு அமுதா நிற்கிறாள், போகவில்லை. அடுத்த வரியில், தவறு யாருடையது என்று, என் பெயரை எழுதணும்.