உப்பள வரப்பில் போட்ட ஜாயிண்ட்

ஏங்க, ஸ்பிரிட் வாசனை வந்தால் இப்போதும் முதலில் உங்கள் நினைப்புதான் வருகிறது. மற்றவர்களுக்கு அது ஊசி போடும் இடத்து வாசனை. எனக்கு, நீங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு பஞ்சை நனைத்து நனைத்துக் கொடுத்த வாசனை. இன்று காலை உப்பள வரப்போரம் இருக்கும் கம்பத்திலிருந்து நம் கேபிள் லைனின் ஜாயிண்ட் பெட்டியை இறக்கச் சொல்லித் திறந்தேன். உள்ளே, உங்கள் நீலக் கட்டம் போட்ட லுங்கியிலிருந்து கிழித்த துணி, நீங்கள் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது.

இப்போது கம்பம் ஏறுவதற்கு அனுமந்தையிலிருந்து ஓர் அண்ணன் வருகிறார். நல்ல மனுஷன், ஆனால் உங்களைப் போல உச்சியில் நின்றுகொண்டு பாட்டுப் பாட மாட்டார். நாம் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டோமே, கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையை உருக்கி ஒட்டும் மெஷின், அதையும் வாங்கிவிட்டேன். பழைய கிளிப் ஜாயிண்டுகளையெல்லாம் வெட்டிவிட்டு மெஷினில் ஒட்டிக்கொண்டு வருகிறோம். இன்று இந்தப் பெட்டியின் முறை.

அந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. சித்திரை வெயில். உப்பு ஏற்றிவந்த லாரியின் தார்ப்பாய்க் கம்பி மாட்டி, நம் கேபிள் இரண்டாக அறுந்து கிடந்தது. பள்ளிவாசல் தெருவில் நிக்காஹ் வீடு. பெண்ணின் அப்பாவுக்கு சவூதியில் லீவு கிடைக்கவில்லை. வீட்டு டிவியில் வீடியோ கால் போட்டால், மகள் நிக்காஹைப் பார்த்துக்கொண்டே அங்கிருந்து துவா செய்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தத் தெருவில் போன் சிக்னலை நம்பினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகும். நம் இன்டர்நெட் லைன்தான் கதி. வாடகை மெஷினோ வேறு ஊரில் மாட்டிக்கொண்டது. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ். நம் பையில் இருந்தவை இரண்டே கிளிப்புகள்.

கிளிப் ஜாயிண்டுக்கு நெருப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். முடி மாதிரி இருக்கும் கண்ணாடி இழையின் மேல்தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவர் என்கிற வெட்டும் கருவியில் நேராக வெட்டி, இரண்டு முனையும் கிளிப்புக்குள் முகத்தோடு முகம் இடிக்கிற மாதிரி நுழைத்து அழுத்திவிட வேண்டும். வெட்டிய பிறகு முனையில் விரல்கூடப் படக்கூடாது. பாண்டிச்சேரியில் போய் அதைக் கற்றுக்கொண்டு வந்தவர் நீங்கள். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இருவரும் வெட்டிப் பார்த்ததில் நேராக வெட்டு விழுந்தது எனக்குத்தான். இன்னொரு புருஷனாக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். நீங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

அந்தச் சொல்லும் பழக்கம்தான் எனக்கு எரிச்சல். எந்த வீட்டுக்குப் போனாலும், “யாருப்பா ஜாயிண்ட் போட்டது?” என்று யாராவது கேட்டு முடிப்பதற்குள், “எங்க வூட்டம்மாதான்” என்று முந்திக்கொள்வீர்கள். வாய் எனக்கும் இருக்கிறது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருவேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டுவீர்கள்.

வரப்பில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. வெள்ளை வெளேரென்று உப்பு. அதன்மேல் கண்ணாடி இழை கண்ணுக்கே தெரியவில்லை. கறுப்புக் குடையை விரித்துத் தலைகீழாக வைத்தீர்கள். அதற்குள் கை வைத்தால் இழை பளிச்சென்று தெரிந்தது. வெட்டுகிற துண்டும் குடைக்குள்ளேயே விழட்டும் என்றீர்கள். “வெறுங்காலோட நடக்கிற எடம் இது. ஊரே துன்ற உப்பு. ஒரு துண்டு வெளிய உழக் கூடாது.” உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு அது தோன்றவில்லை, உங்களுக்குத் தோன்றியது. பிறகு கொஞ்சமும் கூசாமல் லுங்கியை அவிழ்த்து, அரை டிராயரோடு காற்றுக்கு எதிராக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் கிளிப் வீணாகப் போனது. சிவப்பு லேசரை அடித்துப் பார்த்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகாமல் ஜாயிண்டிலேயே கசிந்து நின்றது. வெட்டில் கோளாறில்லை. எனக்குப் புரியவே இல்லை. அப்புறம்தான் உங்கள் விரல்களைப் பார்த்தேன், வெள்ளையாகப் பூத்திருந்தன. இழையை உரித்துக் கொடுப்பதற்கு முன் உப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கை கழுவியிருந்தீர்கள்! நம் ஊரில் கையில் மண் பட்டால் வாய்க்கால்தான். தண்ணீர் காய்ந்தால் உப்புப் பொடி நிற்கும், அது இழையோடு கிளிப்புக்குள் போய்விட்டது. “கழுவாமலே இருந்திருக்கலாம் நீங்க” என்றேன். “சுத்தம் சோறு போடும்னு சொன்னாங்க, உப்பப் போட்டுடுச்சு” என்றீர்கள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

மிச்சம் ஒரே கிளிப். அதற்குள் பெண்ணின் தாய்மாமன் பைக்கில் வந்து இறங்கினார். மச்சான் சவூதியில் போனைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறார் என்றார். என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். “ஏம்பா, இருக்கிறது ஒண்ணு. பொம்பளைகிட்ட குடுக்காம நீயே போடேன்.”

நீங்கள் லுங்கியைத் தாழ்த்தவே இல்லை. “பாய், என் கை கம்பம் ஏறுற கை. வெளிச்சத்த சேக்கிற கை அவளுது. அவ போட்டா நிக்கும்” என்றீர்கள். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை என் கையில் ஊற்றச் சொன்னீர்கள், அவர்தான் ஊற்றினார். இரண்டு பக்கமும் நானே உரித்தேன், துடைத்தேன், வெட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைத்தேன். இழை இழையை இடித்தது விரலுக்குத் தெரிந்தது. அழுத்தினேன். லேசர் அடித்தபோது ஜாயிண்டில் துளி சிவப்பு இல்லை.

நிக்காஹ் வீட்டில் நாம் போய் நிற்கும்போது டிவியில் அந்த அப்பா இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார். முகம் உடையவில்லை. தாய்மாமன் பிரியாணியைத் தன் கையாலேயே கொண்டுவந்து முதலில் எனக்கு வைத்தார். நீங்கள் அதற்குள் வாசலில் யாரிடமோ, “எங்க வூட்டம்மாதான்” என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

மறுநாள் பெட்டிக்குள் லுங்கித் துணியைக் கட்டினீர்கள். “கிளிப்பு தற்காலிகம்தான். மெஷின் வந்ததும் மாத்திக்கலாம், அடையாளத்துக்கு இருக்கட்டும்” என்றீர்கள். மெஷின் வருவதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. கிளிப் நின்றுகொண்டுதான் இருந்தது.

இன்று வெட்டுவதற்கு முன் பவர் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. மெஷினை எடுக்காமல் பெட்டியை மூடினேன். அதற்கு முன் அந்த முடிச்சை மட்டும் அவிழ்த்துக்கொண்டேன். துணி இப்போது என் கிளீவர் டப்பாவில் சுற்றியிருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக் கட்டப் போன அண்ணன், “மாத்தலியாம்மா? இம்மா வருசம் நிக்குது. யாரு போட்டது இது?” என்று கேட்டார்.

பழக்கதோஷம், நீங்கள் சொல்வீர்கள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். காற்றுதான் அடித்தது.

“எங்க வூட்டுக்காரரு காத்துக்கு மறைப்புப் புடிச்சாருண்ணா” என்றேன். “போட்டது நான்.”